முகம் நரைத்த டெரியரின் மே மாதம்

வட இந்தியக் கோடையில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய செல்ல நாயைக் கரைசேர்ப்பது லேசுப்பட்ட வேலையல்ல. அந்த வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள இன்னொரு முதியவரின் பொறுப்பாகிவிடுகிறது.

மே மாதத்தில் தில்லி நாய்களுக்கு ஒரு நாள் என்பது இரண்டு மணி நேரம்தான். காலை ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தார்ச்சாலை அடுப்பாகிவிடும்; பதினோரு மணிக்கு 'லூ' என்னும் அனல்காற்று கிளம்பிவிடும். மயூர் விஹார், ராமகிருஷ்ணபுரம், துவாரகா என்று எந்தக் காலனிப் பூங்காவுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் போனாலும் ஒரு ஜோடியை நிச்சயம் பார்க்கலாம். கான்வாஸ் ஷூ போட்ட ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். பக்கத்தில், மூக்கைச் சுற்றி நரைத்துப்போன ஒரு சின்ன நாய். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று சொல்வது கஷ்டம். இருவருக்கும் மூட்டுவலி. பெஞ்சைக் கண்டால் இருவருமே நின்றுவிடுவார்கள்.

அந்த நாயை வாங்கியவர் அநேகமாக அவராக இருக்க மாட்டார். பன்னிரண்டு, பதிமூன்று வருஷங்களுக்கு முன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனோ மகளோ பிடிவாதம் பிடித்து வாங்கியது. படிப்பு முடிந்தது, பிள்ளை பெங்களூருக்கோ டல்லாஸுக்கோ போயாகிவிட்டது. நாய்க்கு விசா கிடைக்கவில்லை. 'வீட்டுக்குள் நாயா?' என்று அன்றைக்குச் சண்டை போட்ட தந்தைதான் இன்றைக்கு அதற்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பிள்ளை பேசும்போது, செல்போனிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டு நாய் தலையைச் சாய்க்கிறது.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாயும் டெரியர் கலப்புதான். பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. அதை வளர்த்த மார்க் பராட் 1887-ல் இறந்துபோக, அவருடைய சகோதரர், ஓவியர் பிரான்சிஸ் பராட் அதை ஏற்றுக்கொண்டார். 1895-ல் நிப்பரும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவர் வரைந்த படம்தான் கொல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் தயாரான இசைத்தட்டுகளில் ஏறி, தமிழ் வீடுகளின் கூடத்துக்கு வந்தது. உலகின் மிகப் பிரபலமான டெரியர், ஒருவர் வளர்த்து இன்னொருவர் பொறுப்பேற்ற நாய் என்பது இன்றைய தில்லிப் பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

மண்ணைத் தோண்டப் பிறந்த ஜாதி

லத்தீன் மொழியில் 'டெரா' என்றால் மண். வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் விரட்டுவதற்காகப் பிரிட்டனில் உருவாக்கப்பட்டவை டெரியர்கள். உருவம் சிறியது, பிடிவாதம் பெரியது. தன்னைவிடப் பெரிய எதிரி என்று ஒன்று இருப்பதாகவே அவற்றுக்குத் தெரியாது. குளிர்ந்த, ஈரமான தீவுக்காக அமைந்த இந்த உடம்பை ஆங்கிலேயர்கள் இந்தியச் சமவெளியின் வெயிலுக்கு அழைத்து வந்தார்கள். ரட்யார்ட் கிப்ளிங் 1899-ல் எழுதிய 'கார்ம்' என்ற கதை முழுக்க அந்த அவஸ்தைதான்: எஜமானரைப் பிரிந்த ஒரு புல் டெரியர் வெயிலிலும் ஏக்கத்திலும் வாடிப்போகிறது. விக்சன் என்ற சின்ன ஃபாக்ஸ் டெரியர் அதற்குத் துணை. கடைசியில் இரண்டையும் மலைக்கு அழைத்துப் போகிறார் கதைசொல்லி. வெள்ளைக்காரத் துரைக்குச் சிம்லா இருந்தது. இன்றைய ஓய்வூதியக்காரருக்கு ஒரு கூலர் இருக்கிறது.

இன்று நம் நகரங்களில் 'டெரியர்' என்ற பெயரில் பலவும் கலந்து கிடக்கின்றன. துறுதுறுவென்று ஓடும் ஜாக் ரஸ்ஸல், பட்டுநூல் போன்ற ரோமமுள்ள யார்க்‌ஷயர் ஆகியவை அசல் டெரியர்கள். லாசா ஆப்சோ அப்படியல்ல. ஆனால் ஒரு காலத்தில் 'லாசா டெரியர்' என்றுதான் அழைக்கப்பட்டது. திபெத்தியன் டெரியர் பெயரில் மட்டும்தான் டெரியர். அதை மேலைநாடுகளுக்கு அறிமுகப்படுத்திய ஆங்கிலேய டாக்டர் ஆக்னஸ் கிரெய்க் தன் முதல் நாய்க்குட்டியைப் பெற்றது 1920-களில் கான்பூரில்: அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு திபெத்தியக் குடும்பம் கொடுத்த நன்றிப் பரிசு. பனிமலை நாயின் புதிய வரலாறு இந்தியாவின் கடும் வெயில் நகரங்களில் ஒன்றில் ஆரம்பித்தது வேடிக்கைதான்.

மூச்சுதான் விசிறி

வெயிலில் மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். உடல் சூட்டை இறக்க அதற்கு இருக்கும் பெரிய வழி, நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக மூச்சிரைப்பது. நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது. காற்று வறண்டிருக்கும் மே மாதத்தில் இந்த முறை ஓரளவு வேலை செய்கிறது. காற்றில் ஈரம் நிறைந்த ஜூலையில் தோற்றுப்போகிறது. கூலரும் அப்படித்தான். மழை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று வீட்டுக்காரர் மூச்சுவிடும் நேரத்தில்தான் நாய்க்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கிறது.

நாயின் சாதாரண உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. முதுமையில் அந்த எல்லை வெகு அருகில் வந்துவிடுகிறது. காரணம், மூச்சிரைப்பதே ஒரு கடின உழைப்பு. அதற்கு நல்ல இதயம் வேண்டும். வயதான சிறு நாய்களில் இதய வால்வுக் கோளாறு சர்வசாதாரணம். மூச்சுக்குழாய் திறந்திருக்க வேண்டும். யார்க்‌ஷயர் போன்ற குட்டி ஜாதிகளில் அது தளர்ந்து சுருங்குவதுண்டு. உடம்பில் நீர் நிற்க வேண்டும். சிறுநீரகம் பழுதான நாய் குடித்ததையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறது.

இவை எல்லா ஜாதிக்கும் பொது. டெரியருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது: அதற்கு நிறுத்தத் தெரியாது. லாப்ரடார் களைத்தால் நிழலில் படுத்துவிடும். பதிமூன்று வயது ஜாக் ரஸ்ஸலோ பாதி கண் தெரியாத நிலையிலும் மதில்மேல் ஓடும் அணிலைப் பார்த்தால் பாயும். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டின் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், வெப்பத் தாக்குதலுக்கு ஆளானவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நடையாலோ விளையாட்டாலோ பாதிக்கப்பட்டவை என்று கண்டார்கள். எல்லோரும் பயப்படும் பூட்டிய காருக்குப் பலியானவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். வயது ஏற ஏற ஆபத்து கூடுவதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. பிரிட்டனின் மிதமான வெயிலிலேயே இந்தக் கதை. 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸைத் தொட்ட ராஜஸ்தானின் பலோடியைப் பற்றி என்ன சொல்வது? 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு என்ற பெயரை 2024 வாங்கியிருக்கிறது. இப்போது கிழடாகும் நாய்கள் தங்கள் குட்டிக் காலத்தைவிடக் கொடிய கோடைகளைத் தளர்ந்த உடம்போடு சந்திக்கின்றன.

ஏ.சி. அறைக்குக் குடிபெயர்வு

கோடை வந்தால் வட இந்தியக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே இடம்பெயர்கிறது. மூன்று அறைகளும் காலியாகி எல்லோரும் ஏ.சி. உள்ள ஒரே அறைக்கு வந்துவிடுகிறார்கள். கட்டில் நகர்கிறது, சோபா திரும்புகிறது, தண்ணீர்க் கிண்ணம் வேறு மூலைக்குப் போகிறது. கண்புரை விழுந்த நாய்க்கு இது பெரிய அடி. அது வீட்டைப் பார்த்து நடப்பதில்லை, மனப்பாடமாக நடக்கிறது. பாடத்தை மாற்றிவிட்டால் கதவில் மோதிக்கொள்ளும். தண்ணீர் எங்கே என்று தெரியாமல் தாகத்தோடு படுத்துக்கிடக்கும். பரிகாரம் சுலபம். பழைய கிண்ணத்தை எடுக்காமல் இன்னும் இரண்டு கிண்ணங்களைக் கூடுதலாக வைத்தால் போதும். ஒரு நாய்க்குச் சராசரியாக ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்குத் தேவை. கோடையில் இன்னும் அதிகம். ஐந்து கிலோ யார்க்‌ஷயர் கால் லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். மிகவும் குறைவாகக் குடித்தாலும் சரி, திடீரென்று இரண்டு மடங்கு குடித்தாலும் சரி, டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

வெயிலுக்கு இதமாக மொட்டை அடித்துவிடலாம் என்பது அடுத்த தப்புக்கணக்கு. ரோமம் வெயிலுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும் திரை. சிக்கு எடுத்து, வயிற்றுப் பக்கமும் பாதங்களுக்கு நடுவிலும் குறைத்துவிட்டால் போதும். தோல் தெரிய வழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். ரோமத்தைக் கோதும்போதே காதுமடல், விரலிடுக்கு என்று உண்ணி தேட வேண்டும். கோடையிலும் மழைக்காலத்திலும் பெருகும் பழுப்பு உண்ணிகள் பரப்பும் காய்ச்சல், இளம் நாயையே படுக்கவைத்துவிடும். கிழட்டு நாயின் ரத்தத்தை வற்றவைத்துவிடும். ஈறு வெளுத்து, சாப்பாட்டை ஒதுக்கினால் 'வெயிலுக்குச் சோர்வு' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிறகு மாம்பழம். ஜூனில் தசேரியும் லங்டாவும் வந்து குவியும் வீடுகளில், குப்பைக் கூடையிலிருந்து கொட்டையைத் திருடுவது டெரியரின் பிறப்புரிமை. பழத்தில் ஒரு துண்டு கொடுத்தால் தவறில்லை. கொட்டையோ சிறு நாயின் குடலை அடைத்துவிடும். வெளியே எடுக்க அறுவைச் சிகிச்சை தேவைப்படும். பதிமூன்று வயதில் மயக்க மருந்து கொடுப்பது எந்த டாக்டருக்கும் பிடித்தமான காரியமல்ல. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம். தமிழ் வீட்டுத் தயிர்சாதம் கொஞ்சம் போடலாம். ஆனால் உப்பும் வெங்காயமும் இல்லாமல். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை முக்கியம். எஜமானருக்கும் நாய்க்கும் ஒரே மூட்டுவலி என்பதால் ஒரே மாத்திரையைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் உண்டு. வலி ஒன்றுதான், மாத்திரை ஒன்றல்ல. நாம் சாதாரணமாக விழுங்கும் ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண்ணையும் நாசத்தையும் உண்டாக்கும். பாராசிட்டமாலும் நாம் அளவு பார்த்துக் கொடுக்கக்கூடிய மருந்தல்ல.

மின்சாரம் போகும் இரவுகள் வேறு. இன்வர்ட்டர் மின்விசிறியைச் சுழற்றும், ஏ.சி.யைச் சுழற்றாது. லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடியிலிருந்து இறக்கி ஏற்ற, எழுபது வயதுக்காரரால் முடியாது. ஆகவே அனுபவசாலிகள் பால்கனியின் ஒரு மூலையில் செய்தித்தாளோ புல்தட்டோ வைத்து, கோடை வருமுன்பே பழக்கிவிடுகிறார்கள். தன் மானத்தைப் பெரிதாக நினைக்கும் நாய் முதலில் மறுக்கும். ஒரு வாரத்தில் சமாதானமாகிவிடும்.

நள்ளிரவில் எழுந்து அறை முழுவதும் சுற்றுவது, சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பது, கதவின் தவறான பக்கத்தில் காத்திருப்பது இவையெல்லாம் குறும்பல்ல. மனிதர்களின் முதுமை மறதியை ஒத்த நோய் நாய்களுக்கும் வருகிறது. முழுக்கக் குணப்படுத்த வழியில்லை. ஆனால் வேளை தவறாத சாப்பாடு, சின்ன இரவு விளக்கு, டாக்டர் தரும் மருந்து ஆகியவற்றால் இரவுகளைச் சமாளிக்கலாம். தூக்கம் கெடுவது நாய்க்கு மட்டுமல்ல. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இரவு மூன்று தடவை எழுந்தால் பகலில் அவர் உடம்பும் தள்ளாடும். வெயில் யாரை அதிகம் தாக்கும் என்று மருத்துவர்கள் சொல்லும் பட்டியலில் முதியவர்களும் இதய நோயாளிகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஒரே அறையில் இருவர், ஒரே ஆபத்து. நாயின் மூச்சைக் கவனிக்கும் பெரியவரைக் கவனிப்பது யார் என்பது டல்லாஸிலிருந்து கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஊருக்குப் போக வழி?

கோடை என்றால் விடுமுறை. விடுமுறை என்றால் ஊர். தில்லித் தமிழருக்கு ஊர் இரண்டு இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. நாயை நம்மோடு வைத்துக்கொள்ள ரயில்வே தரும் வழி ஒன்றே ஒன்று: முதல் வகுப்பு ஏ.சி.யில் இருவர் கூபேயையோ நால்வர் கேபினையோ முழுவதுமாக நாமே எடுக்க வேண்டும். கூபே கிடைத்ததா என்பது சார்ட் தயாராகும் வரை தெரியாது. இரண்டாம் வகுப்பு ஏ.சி., மூன்றாம் வகுப்பு ஏ.சி., ஸ்லீப்பர் எதிலும் நாய்க்கு இடமில்லை. மிச்சம் இருப்பது கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. பகலெல்லாம் மத்திய இந்தியாவின் வெயிலில் ஓடும் ரயிலில், இதயக் கோளாறுள்ள நாயை அந்தக் கூண்டில் ஏற்றுவது அதை வழியனுப்பி வைப்பதற்குச் சமம். 2022 நவம்பரிலிருந்து ஆகாசா ஏர் சிறு பிராணிகளை விமானத்தினுள் அனுமதிக்கிறது; ஆனால் கூட்டோடு சேர்த்து எடை வரம்பு உண்டு.

விளைவு? ஊரில் கல்யாணம் என்றால் வீட்டில் ஒருவர் தங்கிவிடுகிறார். அநேகமாக அந்த ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 'நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்' என்ற அந்த வாக்கியத்தில் பாதி தியாகம். மீதி, கூட்டத்திலிருந்து தப்பித்த நிம்மதி. நாய் விடுதிகள் பெருநகரங்களில் பெருகியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கண்ணும் காதும் போன நாய்க்குப் புது இடம் என்பதே நோய். வீட்டுக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைத்தால் அதுவே மேல். அதற்கும் ஏப்ரலிலேயே பழக்க வேண்டும்.

இன்னும் ஒரு கோடையா?

சிறு ஜாதி நாய்கள் பதிமூன்று முதல் பதினாறு வயது வரை சாதாரணமாக வாழ்கின்றன. 'ஏழால் பெருக்கு' என்ற பழைய கணக்கு சரியல்ல. முதல் இரண்டு வருஷத்தில் நாய் மளமளவென்று பெரியதாகிறது, பிறகு வேகம் குறைகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பதினான்கு என்பது முதுமைதான். ஒரு நல்ல செய்தி: அதற்குரிய மருத்துவமும் வளர்ந்திருக்கிறது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நீண்டகாலமாகவே தென்னாட்டு நாய்களின் புகலிடம். மும்பை மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளை 2024-ல் சிறு பிராணிகளுக்கென்றே பெரிய மருத்துவமனை திறந்தது. எக்கோ, டயாலிசிஸ் என்ற சொற்கள் இப்போது நாய்களுக்கும் புழங்குகின்றன.

வசதி கூடும்போது கேள்வியும் கடினமாகிறது: எதுவரை? டெரியர் வலியைக் காட்டிக்கொள்ளாது. வளைக்குள் கடிபட்டும் திரும்பாத ஜாதி, மூட்டுவலிக்கு முனகுமா? ஆகவே அதன் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சில டாக்டர்கள் சொல்லும் எளிய முறை, சுவரில் மாட்டிய காலண்டர். நாய் சாப்பிட்டு, வாலாட்டி, தானாக எழுந்து நடந்த நாளுக்கு ஒரு குறி. இல்லாத நாளுக்கு வேறு குறி. ஒரு மாதத்தில் கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சினால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்தி வலியில்லாமல் தூங்கவைப்பதைப் பாவம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மூச்சுக்குத் தவிக்கும் உயிரை ஜூன் மாதத்து மதியங்களில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. இரண்டு பக்கமும் அன்புதான் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியவர், தினமும் அதைத் தூக்கி இறக்குகிறவர். தொலைவில் இருப்பவர்கள் யோசனை சொல்லலாம். கட்டளை போடக் கூடாது.

அது போன பிறகு வீட்டில் இன்னொரு காலி இடம் தெரியவரும். காலை ஐந்து மணிக்குப் பெரியவரை எழுப்ப ஆளில்லை. இதய டாக்டர் பத்து வருஷமாகச் சொல்லியும் நடக்காதவரை நடக்கவைத்தது அந்த நான்கு கால்கள்தான். பிள்ளைகள் உடனே ஒரு குட்டியை வாங்கி அனுப்பத் துடிப்பார்கள். எழுபத்திரண்டு வயதில் பதினான்கு வருஷக் கடனைத் தலையில் கட்டுவது அன்பளிப்பு ஆகாது. தெருவிலிருந்து மீட்கப்பட்டு, காப்பகங்களில் வீட்டுக்காகக் காத்திருக்கும் ஐந்தாறு வயது நாட்டு நாய்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. குறைந்த ரோமம், நீண்ட மூக்கு, ஒடிசலான உடம்பு: இந்த வெயிலுக்கென்றே அமைந்தவை. அவற்றுக்குக் கோடையில் பயிற்சி தேவையில்லை. ஒரு வாசல் மட்டும் தேவை.

ஆபத்து நேரத்தில்

* அடையாளங்கள்: அடங்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு அடர்சிவப்பாவது, வாந்தி, தள்ளாட்டம், மயக்கம்.

* முதலில் குளிரவையுங்கள். பிறகு காரை எடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். மாடித் தொட்டியின் கொதிநீர் வேண்டாம். பானைத் தண்ணீரானாலும் சரி.

* ஈரத் துண்டால் மூடிவைக்காதீர்கள். துண்டு சீக்கிரமே சூடாகி, சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும்.

* நினைவிருந்தால் மட்டும் தானாகக் குடிக்கவிடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள்.

* தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் வெளிப்படலாம்.

* தினசரிச் சோதனைகள் இரண்டு. நடைக்கு முன் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். இரவில் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், ஏ.சி. அறையிலும் நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.